காற்று எந்தப் பக்கம்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

காற்று வடகிழக்கிலிருந்து. போகும்போது முகத்தில், திரும்பும்போது முதுகில். நான் நலம், சைக்கிள் நலம். உன் முழங்கால்கள் இரண்டும் நலமா? அவை நலமென்றால் நீயும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டேன். ஏரியைச் சுற்றி ஓட மண்பாதை, நீந்த ஆழமான தண்ணீர், வெயில் தெரியாத மரநிழல் என்று கேள்விப்பட்டதெல்லாம் உண்மைதான். ஆனால் பாதி காலைப்பொழுது வரைக்கும் பனிமூட்டம். முன்சக்கரம் வரைதான் கண்ணுக்குத் தெரிகிறது, அதற்கு மேல் எல்லாம் நம்பிக்கை. அதே நம்பிக்கையில்தான் மணல் லாரிக்காரர்களும் ஓட்டுகிறார்கள். இரண்டு முறை சாலையை விட்டு வயலுக்குள் இறங்கினேன்.

லாட்ஜ் மேனேஜரிடம், "இந்த ஊர்ல யாரும் ஓடிப் பாத்ததில்லயா?" என்று கேட்டேன்.

"ஏன் சார் இல்ல? நாய் தொரத்துறப்ப எல்லாரும் ஓடுவாங்க" என்றார்.

வருஷம் முழுக்கப் பயிற்சி செய்ய ஓர் ஊர் வேண்டும் என்று கேட்டாய். இது அந்த ஊர் இல்லை. இந்த மாசம் முடிந்ததும் கடலோரம் போகிறேன். வேலையை விடுகிறேன் என்று அதற்குள் எழுதிக் கொடுத்துவிடாதே. உன் அவசரம் எனக்குத் தெரியும்.

உன்,
சக்கரம்

•

ஜனவரி 26

அன்புள்ள சக்கரத்துக்கு,

இங்கே காற்றே இல்லை. முழங்கால்கள் நலம், அவற்றின் சொந்தக்காரிதான் கொஞ்சம் புகைந்துகொண்டிருக்கிறாள்.

நேற்று தலைமை ஆசிரியை கூப்பிட்டு, "டீச்சர், பரீட்சை வருதில்ல, உங்க பி.டி. பீரியட கணக்கு டீச்சருக்குக் குடுத்துடுங்க. பிள்ளைங்க ஓடி என்னத்தப் பண்ணப் போகுது?" என்றார். நானும் தலையாட்டிவிட்டு, காற்றுப் போன பந்துகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகளைச் சொல்கிறாரா என்னைச் சொல்கிறாரா என்று புரியவில்லை.

எனக்கு நாற்பத்தொன்று ஆகிறது. அந்த நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் இரண்டு தடவை கடைசிக் கால்பங்கில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு தடவையும் காரணம் ஒன்றுதான். இந்த ஊரில் நான்கு மாசம் வெயிலில் ஓட முடியாது, மூன்று மாசம் தண்ணீரில் ஓட முடியாது. மிச்ச மாசங்களில் சேர்த்துவைத்த மூச்சு எண்பதாவது கிலோமீட்டரில் தீர்ந்துபோகிறது. ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், நாள் தவறாமல் ஓடிவிட்டால் முடித்துவிடுவேன். இன்னும் கொஞ்ச காலம்தான் இந்தக் கால்கள் என் பேச்சைக் கேட்கும்.

நீ முன்னால் போய்ப் பார். ஊர் கிடைத்ததும் நான் வருகிறேன். நீ காற்று வரும் பக்கமாகச் சைக்கிளில் வா, நான் உன் மறைவில் ஓடுகிறேன், எப்போதும்போல. அதனால்தான் கடிதத்தில் முதல் வரி காற்றாக இருக்கவேண்டும் என்று சொன்னேன். போன் வேண்டாம். போனில் நீ "எல்லாம் ஓகே" என்று சொல்லி வைத்துவிடுவாய், அதில் மேடும் தெரியாது பள்ளமும் தெரியாது.

வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

•

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

காற்று கடலிலிருந்து. எந்நேரமும் பக்கவாட்டில். ஒரு வாரமாகச் சாய்ந்தே ஓட்டி, இப்போது நடக்கும்போதும் சாய்ந்தே நடக்கிறேன். மற்றபடி நலம். நீ நலமா?

கடலோர ஊர் அழகு. சாலை மேஜைபோல இருக்கிறது, கோடையிலும் சூடு ஏறாதாம். ஆனால் சமதரையில் ஒரு வருஷம் ஓடினால் உன் தொடை தூங்கிவிடும், உன் ஓட்டத்திலோ கடைசி முப்பது கிலோமீட்டர் மேடு. அதோடு உப்பு. துடைத்து எண்ணெய் போட்ட செயின் மறுநாள் பழுப்பாகிவிடுகிறது. என்னைப்போல ஒரு சைக்கிள் மெக்கானிக் கையிலேயே செயின் துருப்பிடித்தால் வெளியே சொல்ல முடியுமா?

ஆக, மூன்றாவது ஊர்தான். மலைமேல். இங்கே ஒரு டீக்கடையில் இரண்டு சைக்கிள்காரர்களைப் பார்த்தேன். அங்கே பன்னிரண்டு மாசமும் ஒரே மாதிரி இருக்கும், மழை வந்தாலும் மத்தியானத்துக்கு மேல்தான் வரும் என்றார்கள். ஏறிப்போகவே ஒரு நாள் ஆகுமாம். பஸ்ஸில் போகச் சொன்னார்கள். நான் கேட்பேனா? மேட்டைக் கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது, தொடையால்தான் பார்க்கவேண்டும். பார்த்துவிட்டு எழுதுகிறேன். நீ அந்த ஊர்த் தபால் நிலையத்துக்கே எழுது, போய் வாங்கிக்கொள்கிறேன்.

உன்,
சக்கரம்

•

ஏப்ரல் 3

அன்புள்ள சக்கரத்துக்கு,

காற்று இல்லை, கடிதமும் இல்லை. மார்ச்சில் ஒன்று எழுதினேன். இது இரண்டாவது. போன் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டு நானே செய்தும் பார்த்தேன், அணைத்துவைத்திருக்கிறாய்.

நான் விடியுமுன் ஓடிப் பார்க்கிறேன். அப்போதே தார் சுடுகிறது. நேற்று மேம்பாலத்துக்கு அடியில் வாந்தி எடுத்தேன். காவலாளி ஒருவர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "எதுக்கும்மா இந்த வேண்டாத வேல?" என்று கேட்டார். நீ கூட இருந்தால் நீ ஏதாவது சொல்லி அவரைச் சிரிக்கவைத்திருப்பாய்.

மலை பிடித்துப்போய் அக்காவை மறந்துவிட்டாய் என்றால் சந்தோஷம். வேறு ஏதாவது என்றால் ஒரு வரி எழுது.

அக்கா

•

ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா? கடிதம் தாமதமானதற்குக் கோபிக்காதே. வந்ததும் காய்ச்சல், போனும் தண்ணீரில் விழுந்துவிட்டது. உன் இரண்டு கடிதங்களையும் வீட்டுக்காரம்மாதான் தபால் நிலையத்தில் வாங்கிவந்து கொடுத்தார்.

அக்கா, ஊர் கிடைத்துவிட்டது. இதுதான். இரண்டு பக்கமும் உயரமான மரங்கள், வெயில் தரையைத் தொடுவதில்லை. சாலை ஊரைச் சுற்றி வளைந்து மேலே போய், நீர்த்தேக்கத்தை ஒட்டி இறங்கி, மறுபடி இங்கேயே வருகிறது. நீர்த்தேக்கத்தில் நீந்த விடுகிறார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் நல்ல ஓடுதளம். காலையில் என் ஜன்னலைத் தாண்டி எத்தனை பேர் ஓடுகிறார்கள் தெரியுமா? நரைத்த தலைகள்கூட. ஒருவரையும் நாய் துரத்தவில்லை.

அறை தரைத்தளம். கதவு அகலம், படி இல்லை. ஜன்னல் நேரே சாலையைப் பார்த்திருக்கிறது. வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். அதிகாரம் செய்வார், ஆனால் நல்ல மனுஷி. பக்கத்து அறை காலியாக இருக்கிறது, உனக்காகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் ஓடாதே. கொஞ்ச நாள்தான்.

உன்,
சக்கரம்

•

மே 9

அன்புள்ள சக்கரத்துக்கு,

கோடை லீவிலும் அட்மிஷன் வேலைக்கு வரச் சொன்னதால், உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் வைத்துப் படித்தேன், அங்கேயே அழுதும் தொலைத்தேன். கணக்கு டீச்சர் பயந்துபோய், "யாருக்கு என்னாச்சு?" என்றார். "எங்களுக்கு ஊர் கெடச்சிருச்சு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அன்று மத்தியானமே ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டேன். அவசரப்படாதே என்றாய். கேட்கவில்லை. ஜூன் முடியும்வரை பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டுமாம். பிறகு கிளம்பி வந்துவிடுவேன். ஓட்டம் டிசம்பரில். ஐந்து மாசம் முழுசாகக் கிடைக்கிறது, அதற்கு அடுத்த வருஷமும் இருக்கிறது.

ஒரு குறை. காற்றை எழுதவில்லை நீ. காய்ச்சல் மண்டைக்கு ஏறிவிட்டதா? சரி, இப்போது எழுது. நீர்த்தேக்கத்துக்கு முன்னால் ஏறும் மேட்டில் எந்தக் கியர் போட்டாய்? உட்கார்ந்தே ஏற முடிந்ததா, எழுந்து மிதித்தாயா? நீ உட்கார்ந்து ஏறினால் நான் நடக்காமல் ஓடிவிடுவேன், அதுதானே நம் கணக்கு.

வீட்டுக்காரம்மாவை விசாரித்ததாகச் சொல். உன்னை நன்றாக அதிகாரம் செய்யட்டும்.

அக்கா

•

மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

காற்று இதமாக இருக்கிறது. நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

மேட்டைக் கேட்டிருந்தாய். ஏறலாம், பயமில்லை. எல்லாரும் ஏறுகிறார்கள். ஏறி முடித்து இறங்கும் இடத்தில் ஒரு வளைவு மட்டும் கொஞ்சம் மோசம், அங்கே ஓரமாகப் போ. ஒரு தபால்காரர் தினமும் சைக்கிளில் ஏறி வருகிறார், அவருக்கு ஐம்பது வயதுக்கு மேலே.

வேலையை விட்டுவிட்டாயா? இவ்வளவு சீக்கிரமா? திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டுப் பார். ஒருவேளை நீ விடுமுறையில் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாமோ என்று தோன்றியது. ஊரில் குறை ஒன்றுமில்லை. ஊர் நான் எழுதியபடியேதான் இருக்கிறது.

உன்,
சக்கரம்

•

ஜூன் 8

தம்பி,

எந்தக் கால்?

நீ பதினாறு வயதிலிருந்து என் பக்கத்தில் சைக்கிள் ஓட்டுகிறாய். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட "காற்று இதமாக இருக்கிறது" என்று நீ சொன்னதில்லை. மிதிக்கிறவனுக்குக் காற்று முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும், விலாவில் குத்தும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் அது இதமாக இருக்கும்.

பிறகு பழைய கடிதங்களை எடுத்து வைத்துப் படித்தேன். படி இல்லாத அறை. அகலக் கதவு. நர்ஸ். தபால் நிலையத்துக்கு நீ போகவில்லை. கியரைக் கேட்டால் தபால்காரர் கதை சொல்கிறாய். ராஜினாமாவைக் கொடுத்த கையால் இதையெல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டிருக்கிறேன். மலையிலிருந்து வந்த முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஊர் கிடைத்த சந்தோஷத்தில் கண் அவிந்துபோய்விட்டது எனக்கு.

போனில் கேட்டால் ஒன்றுமில்லை என்பாய். அதனால் எழுதுகிறேன். எழுது. எல்லாவற்றையும்.

அக்கா

•

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இடது கால்.

மார்ச் முதல் வாரம். மேடு முழுவதையும் தொடையாலேயே ஏறி முடித்துவிட்டேன், அதை நீ தெரிந்துகொள்ளவேண்டும். கடைசியாக நீர்த்தேக்கத்துக்கு இறங்கும் வளைவில் எதிரே ஒரு வேன். அவன் மேலும் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை. காற்று திடீரென்று பக்கவாட்டுக்கு மாறி என்னை நடுச்சாலைக்குத் தள்ளிவிட்டது. காற்றைப் பற்றி எழுத அப்புறம் எனக்குக் கை வரவில்லை.

முழங்காலுக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். டாக்டர், "நடக்கலாம் தம்பி. ஆனா மடங்காது" என்றார். "எவ்வளவு மடங்காது?" என்று கேட்டேன். அவர் புரியாமல் பார்த்தார். ஒரு சுற்று மிதிக்க எவ்வளவு மடங்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு இனி எப்போதும் மடங்காது. இன்னொரு ஆபரேஷன் செய்தாலும் இல்லை என்று இரண்டாவது டாக்டரும் சொல்லிவிட்டார்.

ஆனால் ஊர் பொய்யில்லை. ஜன்னலில் உட்கார்ந்து, ஓடுகிறவர்களை, நீந்திவிட்டு வருகிறவர்களை, தபால்காரரை, எல்லாரையும் நிறுத்திக் கேட்டுக் கேட்டுத்தான் உனக்கு எழுதினேன். பார்த்துத் தருகிறேன் என்று வந்தேன், பார்த்துவிட்டேன்.

இப்போது கேள். நீ இங்கே வந்தால் ஓடமாட்டாய். எனக்கு வெந்நீர் வைப்பாய், கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவாய், நான் "போ அக்கா" என்றால் "நாளைக்குப் போறேன்டா" என்பாய். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நீ காலையில் கிளம்பிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்க்கவும் முடியாது. இரண்டும் முடியாது, அக்கா. அதனால் நான் நம் வீட்டுக்குப் போகிறேன். அங்கே லிஃப்ட் இருக்கிறது, தெரு சமதரை, நான் வேலை பார்த்த பழைய சைக்கிள் கடைக்காரர் உட்கார்ந்த வேலை தருகிறேன் என்கிறார். சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டு வா. நீ ரயிலில் வரும்போது நான் எதிர் ரயிலில் போய்க்கொண்டிருப்பேன்.

திரும்பி வராதே. நீ மலையில் ஓடவில்லை என்றால் என் கால் எதற்குப் போனது என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். டிசம்பரில் ஓட்டத்தை முடி. அது போதும்.

உன்,
சக்கரம்

•

ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

காற்று மேற்கிலிருந்து. காலையில் மேட்டில் முகத்துக்கு நேரே.

வந்துவிட்டேன். நீ சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்டுத்தான் இங்கே இருக்கிறேன். வந்த அன்று உன் அறையில் உன் சோப்பின் வாசனை இருந்தது. சைக்கிள் கொல்லைப்புறத்தில், முன்சக்கரம் இல்லாமல், துணி போர்த்திக் கிடக்கிறது. வீட்டுக்காரம்மா அதை எடுத்துப்போகச் சொல்ல நம் இரண்டு பேரிடமும் தயங்குகிறார்.

"ஒங்க தம்பி ஜன்னல்லயே உக்காந்திருப்பாரும்மா. ஓடுறவங்கள எல்லாம் நிறுத்தி, காத்து எந்தப் பக்கம், காத்து எந்தப் பக்கம்னு கேப்பாரு. அவங்களுக்கு என்ன தெரியும்? நல்லாருக்கு சார், நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க" என்றார்.

ஊர் நீ எழுதியபடியே இருக்கிறது. ஒன்றுகூட மாறவில்லை. மரம், நிழல், தண்ணீர், நரைத்த தலைகள். வந்த மறுநாள் கிளம்பி ஓடினேன். மேடு ஏறும்வரை நன்றாகத்தான் போனது, மூச்சு திணறவில்லை. வளைவில் என் கால்கள் தானாகவே ஓர் ஆள் அகலத்துக்கு ஒதுங்கி, உனக்கு இடம் விட்டன. அந்த இடத்தின் வழியாகக் காற்று வந்து முழுசாக அடித்தது. நின்றுவிட்டேன். திரும்பி நடந்தே வந்தேன்.

பழகிவிடும் என்று வீட்டுக்காரம்மா சொல்கிறார். நாளைக்கு மறுபடி போகிறேன். கால் வீக்கம் குறைந்ததா? வெந்நீர் ஒத்தடம் யார் கொடுக்கிறார்கள்? இல்லை, அதை நான் கேட்கக்கூடாது.

நான் அங்கே வரட்டுமா? ஒரு தடவைதான் கேட்கிறேன்.

அக்கா

•

நவம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். யாருடைய முழங்கால் என்று கேட்காதே. நான் நலம். நீ நலமா?

ஆகஸ்டில் நீ கேட்டதற்கு "வராதே" என்று ஒரு கார்டு போட்டேனே, அதற்குப் பிறகு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. பயிற்சியில் மும்முரமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டேன். அப்படித்தானே?

கடையில் எனக்கு ஒரு மணை போட்டிருக்கிறார்கள். இடது காலை நீட்டிக்கொண்டு வளைந்த சக்கரங்களுக்குக் கோட்டம் எடுக்கிறேன். வருகிறவர்கள் காலில் இடறி, என்னிடமே மன்னிப்புக் கேட்கிறார்கள். கோட்டம் எடுத்த சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். கடைக்காரர், "போதும்ப்பா, அது சரியாத்தான் சுத்துது" என்பார்.

உன்னை நினைத்துக்கொள்வேன். இந்நேரம் அக்கா மேட்டைத் தாண்டியிருப்பாள், இந்நேரம் வளைவில் ஓரமாகப் போய்க்கொண்டிருப்பாள் என்று. அது ஒன்றுதான் என் நாட்களை ஓட்டுகிறது. அடுத்த மாசம் ஓட்டம். மேட்டில் முதலிலேயே வேகம் காட்டாதே. கடைசி முப்பதை மனசில் வைத்துக்கொள்.

பெரிய கடிதமெல்லாம் வேண்டாம், ஒரு வரி போதும். காற்று எப்படி?

உன்,
சக்கரம்

•

நவம்பர் 24

அன்புள்ள சக்கரத்துக்கு,

பதில் எழுதாததற்கு மன்னித்துவிடு. நான் நலம். வீட்டுக்காரம்மாவும் நலம், உன்னை விசாரித்தார். உன் அறையைத்தான் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் நன்றாக இருக்கிறது. காலையில் நிறையப் பேர் ஓடுகிறார்கள்.

மழையில் வெளியே போகாதே, கம்பி வைத்த கால் குளிரில் வலிக்கும். வேளைக்குச் சாப்பிடு. என்னைப் பற்றிக் கவலைப்படாதே.

காற்று இதமாக இருக்கிறது.

அக்கா